நீ சொன்ன கேமராவை நான் வாங்கவில்லை

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் கம்பளியை ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். பேருக்குப் பின்னால் இத்தனை எழுத்துப் போட்டுக்கொண்ட பல் டாக்டரை இன்னும் வாலு என்று எழுதலாமா என்று உங்கப்பாவைக் கேட்டேன், "ஊருக்குத்தான் டாக்டரு, நமக்கு எப்பவும் வாலுதான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறி பல்பு மாற்றப் போய்விட்டார். மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியும் அவருக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போன வாரம் என் போட்டோ ஸ்டூடியோவில் பின்னால் தொங்கும் சாம்பல் துணியை எடுத்துத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தந்தார். இப்போது யாரை நிறுத்தி எடுத்தாலும் பின்னால் கட்டம் கட்டமாக நான்கு மடிப்புத் தெரிகிறது. கீழே சலவைக் கடைக்காரர் புது மெஷின் போட்டிருக்கிறார், அது சுற்றும்போது நம் தரையும் லேசாக அதிரும், அதனால் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களை இரண்டு நிமிஷம் உட்கார வைத்துவிட்டு மெஷின் நிற்கும் வரை கதை பேசிக்கொண்டிருக்கிறேன். உன் சித்தி பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மாடி ஓரத்தில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி எழுதப் போவதை எழுதாமல் இருக்க இந்தச் செய்திகளை இன்னும் ஒரு பக்கத்துக்கு இழுக்கலாம், ஆனால் அப்படி இழுத்து இழுத்துத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

எட்டு மாதம் முன்னால் என் பழைய கேமராவின் ஷட்டர் போய்விட்டது, இருக்கிற லென்ஸ்களை மாட்டிக்கொள்ள லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, அதுதான் பாடி, எது வாங்கலாம் என்று உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கும். காலேஜ் படிக்கிற காலத்தில் ஐந்து வருஷம் என்னோடு கல்யாணம் கல்யாணமாக வந்து படம் எடுத்தவள் நீ, உன்னை விட்டால் நான் யாரைக் கேட்பேன். நீயும் வேலை முடிந்து வந்த களைப்போடு உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினாய். மனித முகத்துக்கு எது நல்ல நிறம் தரும், என்னிடம் இருக்கிற லென்ஸ்கள் எதில் பொருந்தும், கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற வசதி எதில் நன்றாக இருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாய். பிறகு போனில், "அம்மா, கடைக்காரன் மெகாபிக்சல்னு வாய் கிழியப் பேசுவான், மயங்கிடாதே. ரெண்டு மெமரி கார்டு போடற இடம் இருக்கான்னு மட்டும் பாரு. ஒவ்வொரு படமும் ரெண்டு கார்டுலயும் விழணும். உனக்காக யாரும் இன்னொரு தடவ கல்யாணம் பண்ணிக்க மாட்டாங்க" என்றாய். நான் மெல்ல, உள்ளேயே ஆட்டத்தைத் தாங்குகிற ஸ்டெபிலைசர் இருந்தால் நல்லதில்லையா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "உனக்கு எதுக்கும்மா அது? உன் கை கல்லு மாதிரி நிக்கும். அந்தக் கைதான் எனக்கும் வந்திருக்கு, அத வச்சுத்தான் நான் பொழைக்கிறேன்" என்றாய். நான் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வாலு, என் கை கல்லு மாதிரி நிற்கவில்லை. அப்போதே ஒரு வருஷமாக நின்றிருக்கவில்லை. முதலில் லென்ஸ் மாற்றும்போது லென்ஸில் இருக்கிற புள்ளியும் கேமராவில் இருக்கிற புள்ளியும் நேராகச் சேராமல் தடுமாறியது, வயசு என்று விட்டுவிட்டேன். பிறகு தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு நாள் இரட்டைக் குழந்தைகளை எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கிறேன், அறுபது படத்தில் நாற்பதில் இமை இரண்டிரண்டாகத் தெரிந்தது. குழந்தைகள் அசைந்துவிட்டார்கள் என்று அவர்களின் அம்மாவிடம் சொல்லி மறுபடியும் வரச் சொன்னேன். குழந்தைகள் அசையவில்லை. உங்கப்பா தட்டுச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, வம்படியாக டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் என்னை ஒரு காகிதத்தில் வட்டம் வட்டமாகச் சுழித்து வரையச் சொன்னார், அதைப் பார்த்துவிட்டு, "பயப்படற மாதிரி வியாதி இல்லம்மா. ஆனா போகாது, கொஞ்சம் கொஞ்சமா கூடும். மாத்திரையில ஓரளவு அடங்கும்" என்றார். அதோடு விட்டிருந்தால் அன்றைக்கே உனக்குப் போன் செய்திருப்பேன். "இது குடும்பத்துல வர்றது. பிள்ளைங்க இருந்தா சொல்லி வைங்க, வரணும்னு இல்ல, வரலாம்" என்றும் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊசியும் கருவியுமாக அடுத்தவர் வாய்க்குள் கை வைத்து வேலை செய்கிறவள் நீ. இதைச் சொன்னால் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் உன் விரலைத்தான் பார்ப்பாய் என்று நினைத்தேன். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று உங்கப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் மேல் கோபப்படாதே, மனசில்லாமல்தான் தலையாட்டினார்.

கேமரா கடைக்கும் அவர்தான் கூட வந்தார். என் கைக்கு எட்டுகிற விலையில் இரண்டு பாடி இருந்தது. ஒன்று நீ சொன்னது, இரண்டு கார்டு போடலாம், ஆட்டத்தைத் தாங்கும் வசதி இல்லை. இன்னொன்றில் அந்த வசதி உண்டு, கார்டு ஒன்றுதான். இரண்டும் சேர்ந்த பாடி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, அதன் விலைச்சீட்டை உங்கப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தரம் படித்தார். எதிர் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, முகம் எடுக்கிற என் லென்ஸை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, கடை வெளிச்சத்திலேயே ஷட்டரை மெதுவாக வைத்து எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னதில் அவர் மூக்குக் கண்ணாடிக்கு இரண்டு விளிம்பு தெரிந்தது. மற்றதில் அவர் தாடையில் சவரம் தப்பிய ஒரே ஒரு வெள்ளை முடி கூடக் கூர்மையாக நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விற்கிற பையன், "மேடம், கல்யாணத்துக்குன்னா முதல்ல காட்டினதுதான் சேஃப்" என்று அவனும் சொன்னான், வாய் கிழியப் பேசவும் இல்லை, மெகாபிக்சல் பற்றி வாயே திறக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் நீ போன் செய்து, "வாங்கிட்டியா, நான் சொன்னதுதானே" என்றாய். ஆமாம், நீ சொன்னதேதான் என்றேன். நீ எனக்குத் தெரிந்து முதல் தடவை என்னை நம்பி ஒன்றும் திருப்பிக் கேட்காமல் விட்டாய்.

அந்த கேமராவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஐந்து மாதம் என்னைத் தூக்கி நிறுத்தியது. உங்கப்பா அதன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, நான் எதையாவது தேடினால் "நூத்தி பன்னெண்டாம் பக்கம்" என்பார். என் புத்திக்கு ஒரு கார்டு ஆபத்து என்று தெரியாமல் இல்லை. மணிக்கு ஒரு தரம் கார்டை மாற்றிவிடலாம், போனாலும் ஒரு மணி நேரப் படம்தான் போகும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லித்தான் வாங்கினேன். ஆனால் நகத்தளவு கார்டை இந்த விரல்கள் நாலு பேர் பார்க்க எடுத்துப் போடுவது எனக்கு லென்ஸ் மாற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு கல்யாணத்தில் கை தவறி மேடைப் பலகை இடுக்கில் விழப் பார்த்தது. அதற்குப் பிறகு முழு நாளும் கொள்கிற மாதிரி ஒரே பெரிய கார்டாக வாங்கிப் போட்டுவிட்டேன். ஒன்றை மறைக்க எடுத்து வைத்த அடி, அடுத்த அடியையும் தானே எடுத்து வைக்கச் சொல்கிறது.

மூன்று மாதம் முன்னால் நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கல்யாணம். நல்ல உயரம், சிரித்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள், நீ பார்த்திருந்தால் முதலில் அந்தப் பல்லைத்தான் சொல்லியிருப்பாய், வரிசை அவ்வளவு அழகு. அவளுடைய அப்பா பஸ் ஓட்டியவர். தொண்டையில் புற்று வந்து ஆபரேஷன் செய்து குரலே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்தார். கழுத்தில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கயிற்றில் தொங்கியது. மணப்பெண் அறையில் நானும் அவளும்தான் இருந்தோம். ஒரே ஒரு ஜன்னல், மெல்லிய திரை, முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் வேண்டியதில்லை. அவர் உள்ளே வந்து அவளைப் பார்த்தவுடன், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவர்கள் மாதிரி கையை நீட்டி, நில் என்று சைகை செய்தார். அவள் நின்றாள். தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதி நீட்டினார். அவள் படித்துவிட்டு வாயைப் பொத்த மறந்து சிரித்தாள், சிரித்தபடியே அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் காதோரம் கலைந்த முடியை ஒதுக்கினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, நான் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்துமூன்று படம் எடுத்தேன். கையில் நடுக்கம் இருந்தது, படத்தில் இல்லை. பின்னால் இருக்கிற திரையில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவர் கண்ணில் ஜன்னல் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று தோன்றியது, வாலுவுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

மத்தியானம் மூன்று மணி வாக்கில், எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கூட்டமாக நிற்கும் படம் எடுக்கும்போது, கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. எடுத்துப் போட்டேன், அணைத்துத் திறந்தேன், துடைத்துப் போட்டேன். கையோடு இருந்த வேறு கார்டைப் போட்டு மீதியை எடுத்தேன், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் இரண்டு நாள் போராடி இருநூற்றுப் பதினேழு படம் மீட்டுக் கொடுத்தார். மணப்பெண்ணின் செருப்பு, மோதிரப் பெட்டி, காலி நாற்காலிகள், கண்ணாடி முன் அவள் பாதி அலங்காரத்தில் இருந்தது, இவ்வளவும் வந்தது. அவள் அப்பா வந்த பிறகு எடுத்தது ஒன்றும் இல்லை. வேறு ஊரில் பெரிய லேப் இருக்கிறது, அங்கே அனுப்பினால் வரலாம் என்றார், அனுப்பினேன். வந்துவிடும், வந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்தப் பெண் நாலாம் நாள் போன் செய்தாள், ஆல்பம் வேலை நடக்கிறது என்றேன். பன்னிரண்டாம் நாள் மறுபடி செய்தாள். "அப்பா அந்த ரூம்ல எடுத்தத பாக்கணும்னு எழுதிக் காட்டறாரு ஆன்ட்டி. ஒரே ஒரு படம் அனுப்புங்களேன், போன்லயே காட்டிடறேன்" என்றாள். கலர் சரி செய்துவிட்டு அனுப்புகிறேன் என்றேன். அந்த வாக்கியம் எப்படி அவ்வளவு சரளமாக என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த உங்கப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லிடு. இப்பவே திருப்பிப் போன் பண்ணிச் சொல்லிடு" என்றார். லேப்பிலிருந்து பதில் வரட்டும் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பத்தொன்பதாம் நாள் அவள் அப்பா இறந்துபோனார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து லேப்பிலிருந்து வந்தது. நாற்பத்துமூன்றில் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி. மேல் பாதியில் ஜன்னலும் திரையும் அவள் நெற்றியும் தெரிகிறது, கீழே எல்லாம் சாம்பல் நிறப் பட்டை. அவர் அந்தச் சாம்பலுக்குள் இருக்கிறார். அதையும், வந்திருந்த விருந்தாளிகளைத் தேடித் தேடி அவர்கள் போனிலிருந்து வாங்கிய படங்களையும், படம் எடுக்க எனக்குக் கொடுத்திருந்த பணத்தையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், என் கையைப் பற்றியும் சொன்னேன். திட்டுவாள், கத்துவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள், "உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே தெரியும் என்றேன். "அப்ப அப்பா இருந்தாரே ஆன்ட்டி. அதே டிரஸ் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேனே. நீங்க வந்து எடுத்திருக்கலாமே" என்றாள். அவளுடைய அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என்னால் அந்தக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. அவள் வாசல் வரை வந்து வழியனுப்பினாள், மன்னித்ததால் இல்லை, அப்படி வளர்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வாலு, கார்டு போனது கெட்ட நேரம். அதோடு படமும் போனது ஒரு கார்டு போடும் கேமரா வாங்கியதால், அது என் தப்பு, ஆனாலும் மனுஷத் தப்பு, ஆறிவிடும். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்தொன்பது நாள் எனக்கு ஆறவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு இருந்தார், ஜன்னலும் இருந்திருக்கும், என்னிடம் கேமராவும் இருந்தது.

அதன் பிறகு முன்பதிவு செய்திருந்த நான்கு வீட்டுக்கும் நானே நேரில் போய் என் கை இப்படி, கேமராவில் ஒரு கார்டுதான், தனியாக எடுக்க மாட்டேன், வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள் என்றேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அதில் ஒரு மாப்பிள்ளையின் அம்மா, "கை நடுங்கறவங்க ஏம்மா இந்த வேலைக்கு வர்றீங்க" என்று முகத்துக்கு நேரே கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். மற்ற இரண்டுக்கும் கடைத்தெரு முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாளே, நாம் எப்போதும் பளபளப்பு என்று கேலி செய்வோமே, அவளைத்தான் கூடச் சேர்த்துக்கொண்டேன். அவள் பாடியில் இரண்டு கார்டு இருக்கிறது. அவள் மேடையைப் பார்த்துக்கொண்டாள், நான் முகம் மட்டும் எடுத்தேன். அவள் படங்கள் நாம் சொன்ன அளவுக்கு மோசமில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது மறுபடி அதே கேள்வியோடு வந்திருக்கிறேன். போன தடவை நீ சரியான பதில்தான் சொன்னாய், நான்தான் பாதிக் கேள்வி கேட்டேன். இந்தத் தடவை முழுசாகக் கேட்கிறேன். என் வலது கை இடதைவிட அதிகமாக ஆடுகிறது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கும். இரண்டு கார்டும் ஆட்டம் தாங்குகிற வசதியும் உள்ள பாடி, போன தலைமுறை மாடல், யாரோ வைத்திருந்து கொடுத்தது, கடையில் வந்திருக்கிறது. என் இப்போதைய கேமராவை மாற்றாக எடுத்துக்கொள்வார்கள், ஆனால் கனம் அதிகம். கொஞ்சம் கனம் இருந்தால் நடுக்கம் அடங்கும், ரொம்ப இருந்தால் கை சோர்ந்து இன்னும் ஆடும் என்கிறார் டாக்டர். அதை வாங்கிப் பளபளப்போடு சேர்ந்து கல்யாணத்துக்குப் போகலாமா, இல்லை கல்யாணத்தை விட்டுவிட்டு இதையே ஸ்டாண்டில் மாட்டி ஸ்டூடியோவில் முகம் மட்டும் எடுத்துக்கொண்டு இருக்கலாமா. அம்மா மனசு நோகும் என்று பார்க்காமல் சொல். விட்டுவிடு என்றால் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒரு நல்ல நரம்பு டாக்டரிடம் போய் உன் அம்மாவுக்கு இப்படி என்று சொல்லி வை. உனக்கு வராமலே போகலாம், வந்தாலும் என் வயசில் வரலாம், மாத்திரை இருக்கிறது. நீ பயப்படுவாய் என்று நினைத்து உனக்குச் சேர வேண்டிய செய்தியை நான் ஒரு வருஷத்துக்கும் மேலாக என் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அது என்னுடையது இல்லை, உன்னுடையது. கோபம் வந்தால் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, ஆனால் டாக்டரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு, நம் வீட்டில் இனி யாரும் யாருக்காகவும் எதையும் பொத்தி வைக்க வேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும். உங்கப்பா தன் ஆசிகளையும் சேர்த்து எழுதச் சொன்னார். நீ அனுப்பிய வைட்டமின் மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அடுத்த தடவை பேசும்போது அதட்டு. இதை டைப் அடித்து அனுப்பியிருக்கலாம், இல்லை நீ சொல்லு நான் அழகாக எழுதித் தருகிறேன் என்றுகூட அவர் சொன்னார், வேண்டாம் என்றேன். எழுத்து வரியை விட்டு ஏறி இறங்கிப் போயிருக்கும், சில இடத்தில் வாசிக்கக் கஷ்டமாகவும் இருக்கும். இருக்கட்டும் வாலு, பொறுமையாகப் பார். இப்போது என் கை இப்படித்தான் இருக்கிறது.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா